மூட்டை எந்தக் கையில்

கிகுயே பென்சிலைத் தொடமாட்டாள். பென்சிலால் எழுதினால் அழித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வரும், நினைப்பு வந்துவிட்டால் கை தானாக ரப்பரைத் தேடும் என்பாள். அதனால் மழையில் நின்றாலும் பனியில் நின்றாலும் மைப்பேனாதான். உஸுமாசா ஸ்டூடியோவில் எட்டு வருஷமாக அவள் எழுதிய நோட்டுகளில் ஒரு அடித்தல் கிடையாது.

அவள் வேலைக்கு அங்கே சுனகாரி என்று பேர். தொடர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவைக் கதை போகிற வரிசையில் எடுப்பதில்லை. மருமகள் அழுதுகொண்டே வாசலுக்கு வருவதைச் செப்டம்பரில் கோயில் பக்கம் எடுப்பார்கள். அதே அழுகையோடு வீட்டுக்குள் நுழைவதை நவம்பரில் செட்டுக்குள் எடுப்பார்கள். படம் பார்க்கிறவனுக்கு அது ஒரே மூச்சு. ஆனால் நடுவில் இரண்டு மாதம் ஓடிப்போயிருக்கும், அந்தப் பெண் நன்றாகச் சாப்பிட்டுக் கன்னம் வைத்திருப்பாள், கண்ணீர் எந்தக் கன்னத்தில் வழிந்தது என்று அவளுக்கே மறந்திருக்கும். யாராவது ஒருத்தர் அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கோப்பையில் தேநீர் எவ்வளவு மிச்சம், கதவு எத்தனை விரல் திறந்திருந்தது, வாளை உருவியவன் எந்தக் காலை முன்னே வைத்திருந்தான் என்று எல்லாவற்றையும். அப்படிப் பிடித்து வைத்திருப்பதுதான் தொடர்ச்சி. கதையை முழுசாக, வரிசையாகச் சுமந்துகொண்டு திரிகிற ஒரே ஆள் அந்த நோட்டுக்காரிதான். டைரக்டர்கூட அப்படிச் சுமப்பதில்லை. அவர் தலைக்குள் ஆயிரம் இருக்கிறது.

அதனால் ஷாட் தொடங்குமுன் உதவி டைரக்டர் இனாபா செட்டின் அந்தக் கோடியிலிருந்து கேட்பார்: "கிகுயே-சான், விசிறி?"

"மூடியிருந்துச்சு. இடுப்புல."

அவ்வளவுதான். யாரும் நோட்டைக் காட்டு என்று கேட்டதில்லை. நட்சத்திர நடிகருக்கே அவர் முடி எப்படி இருந்தது என்று அவள் சொன்னால், அவர் பேசாமல் கலைத்துக்கொள்வார்.

ஆனால் அவளுக்கு ஆரம்பத்திலேயே இந்தப் பேர் வந்துவிடவில்லை. பர்மா யுத்தத்துக்குப் போன புருஷன் திரும்பி வராமல், வயிற்றுப்பாட்டுக்கு ஸ்டூடியோவுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்றும் தெரியாது. முதல் படம், மூங்கில் காட்டில் ஒரு சண்டை. அம்பு பட்டுச் செத்துக் கிடக்கிறவனை மறுநாள் காலையில் அதே மாதிரி கிடத்த வேண்டும். நோட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. எழுத மறந்திருக்கிறாள். வேர்த்துக் கொட்ட நின்றுகொண்டிருந்தபோது, தரையில் கிடந்த பிணம் அவளைப் பார்த்தது. மெல்ல இடப்பக்கமாக ஒருக்களித்தது. கன்னத்துக்குக் கீழே ஒரு கையைச் செருகிக்கொண்டது.

"நேத்து இடது காது மண்ணுல இருந்துச்சும்மா. இன்னும் உள்ள கரகரங்குது," என்றது பிணம், உதடு அசையாமல். "விழுந்தவனுக்குத் தெரியாதா எப்படி விழுந்தோம்னு. எழுதிக்கோ."

அவர்தான் ஜூசோ. பெரிய அறைக்காரர். அந்த ஸ்டூடியோவில் பேரில்லாத நடிகர்கள் அறுபது பேரும் ஒரே பெரிய அறையில் பாய் விரித்துக் கிடப்பார்கள். கூப்பிட்டால் போய் வெட்டுப்பட்டுச் சாவார்கள், வந்து சாப்பிடுவார்கள், சாயங்காலம் இன்னொரு படத்தில் சாவார்கள். ஜூசோ முப்பது வருஷம் அப்படிச் செத்தவர். முகம் தெரியாமல் விழத் தெரிந்தவர் என்று டைரக்டர்கள் அவரைக் கேட்டு வாங்குவார்கள். எந்தப் படத்தில் எந்த வருஷம் யார் வாளால் எந்த விலாவில் குத்துப்பட்டார் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வார். அந்த ஞாபகத்தில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அவரிடமிருந்த ஒரே பெருமை அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்கு ஒரு முகம் கிடைத்தது. டைரக்டர் ஒகுமுரா எடுத்த படத்தில் கிழட்டு வாசல்காவலன் வேஷம். பதினொரு வரி வசனம். எஜமானின் மகன் போரில் செத்துப்போகிறான். அவன் தலைக்கவசத்தைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு காவலன் தனியாக ஊர் திரும்புகிறான். வாசல் கதவைத் தள்ளி உள்ளே வந்து, தாயின் முன்னால் மூட்டையை வைத்து விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அட்டையில் கவசம் செய்து தருகிறோம் என்று சாமான் அறையில் சொன்னார்கள். ஒகுமுரா கேட்கவில்லை. "இரும்புதான் வேணும். தோள் இறங்கணும்," என்றார்.

செப்டம்பரில் சாகா கிராமத்துக் கோயில் வாசலில் வெளிக்காட்சியை எடுத்தார்கள். மரமெல்லாம் பச்சை. ஜூசோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், இரண்டே டேக். கிகுயே எழுதினாள்: இடது கை கதவில். மூட்டை வலது கையில், முடிச்சைப் பிடித்து. வலது தோள் இறக்கம். படியில் இடது கால் முதலில்.

அதன் பிறகு ஜூசோ மூன்று வாரம் கண்ணில் படவில்லை. மனைவியின் ஊரான தம்பாவில் அறுவடைக்கு ஆள் வேண்டுமாம் என்று பெரிய அறையில் சொன்னார்கள்.

*

நவம்பரில் வீட்டுக்குள் காட்சி. ஆறாம் நம்பர் தளத்தில் செட். அன்றைக்கே முடித்தாக வேண்டும், சாயங்காலம் பிரித்துவிட்டு வேறு படத்துக்காரர்கள் ஏறுகிறார்கள். காலையில் கிகுயே வழக்கம்போல ஒவ்வொருவரையும் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஜூசோ தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் நடை நின்றது.

கழுத்துப் பட்டி மாறியிருந்தது. கிமோனோவை உடுத்தினால் இடப்பக்க மடிப்பு மேலே வரவேண்டும். பேச்சு வராத பிள்ளைக்கும் அப்படித்தான் உடுத்துவார்கள். வலப்பக்கத்தை மேலே போட்டு மடிப்பது ஒருவருக்குத்தான், குளிப்பாட்டிக் கிடத்திய பிணத்துக்கு.

அவரை இழுத்துக்கொண்டு மறைப்புத் தட்டிக்குப் பின்னால் போனாள். "ஜூ-சான், என்ன கோலம் இது?"

அவர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு சிரித்தார். "முப்பது வருஷம் செத்தே பழகிட்டேன்ல. கை அதுபாட்டுக்கு மடிச்சிருக்கு."

"யாராச்சும் பாத்திருந்தா இன்னைக்கு ஷூட்டிங்கே நின்னுருக்கும். லைட்காரங்க தீட்டுக் கழிக்க உப்புக் கொண்டா, சாமியாரக் கூட்டிட்டு வான்னு ஆரம்பிச்சிருப்பாங்க."

"நீதான பாத்த. நீ பாத்தா யாரும் பாக்காத மாதிரி."

அவள் இடுப்புக் கச்சையை அவிழ்த்து, மடிப்பை மாற்றி, திரும்பக் கட்டினாள். கட்டும்போது அவர் இடது கை மட்டும் உதவிக்கு வந்தது. வலது கை கிமோனோவுக்குள்ளேயே கிடந்தது. மணிக்கட்டில் வெள்ளைத் துணி சுற்றி, அதன் வால் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன கட்டு?"

"சுளுக்கு."

மதியம் சோற்றுருண்டையை அவர் இடது கையால் சாப்பிட்டதைப் பார்த்தாள். மிசோ சூப்பைக் குடித்தபோது வாயின் வலது ஓரத்தில் ஒரு சொட்டு நின்றது, அவருக்கு அது தெரியவில்லை. கிகுயேவுக்கு அதற்குமேல் யாரும் சொல்லத் தேவையில்லை. அவள் அப்பாவுக்கும் பக்கவாதத்தில் முதலில் ஒரு கைதான் விழுந்தது. தம்பாவாவது, அறுவடையாவது.

இனி நடக்கப்போவது அவள் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. மூட்டை வலது கையில் என்று அவள் சொல்வாள். இரும்புக் கவசம் எல்லார் முன்னாலும் தரையில் விழும். டைரக்டர் காரணம் கேட்பார். மறுநாள் வேறு கிழவரை அழைத்துவந்து, செப்டம்பரில் எடுத்ததையும் திரும்ப எடுப்பார்கள். முப்பது வருஷம் கழித்துக் கிடைத்த முகம் போய்விடும். இடது கை என்று சொன்னாலோ, ஒன்றும் நடக்காது. செப்டம்பரில் எந்தக் கை என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? நட்சத்திரங்களைப் போட்டோ எடுத்து வைத்திருப்பார்கள். காவலன் வேஷக்காரர்களுக்கு அவள் நோட்டு மட்டும்தான்.

யோசிக்க அவளுக்குக் கிடைத்தது, இனாபா செட்டைக் கடந்து வருகிற நேரம்.

"கிகுயே-சான், மூட்டை எந்தக் கை?"

நோட்டு மூடியிருந்தது. அதன்மேல் அவள் உள்ளங்கை இருந்தது.

"இடது."

ஜூசோ நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. "இடதா?"

"இடதுதான்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையை ஆட்டினார். "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

புரிந்துகொண்டார், நன்றியோடு பார்க்கிறார் என்று கிகுயே நினைத்தாள். அந்தப் பார்வையை அவள் சரியாகப் படிக்கவில்லை. கோப்பையில் எவ்வளவு தேநீர் என்று கண்ணால் அளக்கிறவள், எட்டு வருஷமாகத் தெரிந்த மனுஷன் முகத்தை அளக்கத் தவறினாள்.

ஒரே டேக்கில் ஓகே ஆனது. இடது கையில் மூட்டையோடு வந்து, மண்டியிட்டு, பதினொரு வரியும் சொன்னார். அவர் குரல் ஓரிடத்தில் தடுமாறியது. அது நடிப்பென்று எல்லாரும் நினைத்தார்கள். "நல்லா இருக்கு," என்றார் ஒகுமுரா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். சாயங்காலம் தச்சர்கள் வந்து வீட்டைப் பிரித்துக்கொண்டு போனார்கள்.

*

பத்து நாள் கழித்து எடிட்டர் மொரிஷிதா ஆள் அனுப்பினார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நாளெல்லாம் இருட்டறையில் உட்கார்ந்திருக்கிற மனுஷர். கிகுயே போனபோது இனாபாவும் அங்கே இருந்தார்.

"இதப் பாரு," என்றார் மொரிஷிதா. சின்னத் திரையில் ஜூசோ கோயில் வாசலைத் தள்ளிக்கொண்டு வந்தார், வலது தோள் இறங்கி. வெட்டு. வீட்டுக்குள் வந்தார், இடது தோள் இறங்கி. "வாசப்படி தாண்டுறதுக்குள்ள ஆளே மாறிட்டான். கவசம் லேசா இருந்தா யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. இந்த இரும்பு இழுக்குது பாரு, கண்ணு நேரா அங்கதான் போகுது."

இனாபா தலையைச் சொறிந்தார். "வாசல் ஷாட்டைத் திருப்பிப் போட்டுட்டா? பிலிமைப் பின்பக்கமா அச்சடிச்சா வலது இடதாயிடும்ல."

"ஆகும். வாளும் வலது இடுப்புக்குப் போகும். கழுத்துப் பட்டியும் மாறும். பொணம் எந்திரிச்சு வந்து கதவத் தட்டுற படம் எடுக்குறீங்கன்னா சொல்லு, திருப்பித் தர்றேன்."

இனாபா சிரித்தார். கிகுயே சிரிக்கவில்லை. தட்டிக்குப் பின்னால் தான் மாற்றிக் கட்டிய மடிப்பு அவளுக்கு ஞாபகம் வந்தது.

"உன் நோட்டுல என்ன இருக்கு?" என்று கேட்டார் மொரிஷிதா. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்டார்.

அவள் செப்டம்பர் பக்கத்தைத் திறந்து காட்டினாள். மை காய்ந்து கறுப்பாக இருந்தது. மூட்டை வலது கையில்.

மொரிஷிதா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அன்னைக்கு ஏன் இடதுன்னு சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"நீயா?"

அந்த ஒரு சொல்லில் வசவு எதுவும் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. "நாளைக்குக் காலைல டைரக்டர் வர்றாரு," என்றார் மொரிஷிதா. "நீயே சொல்லிடு. எனக்கு வாய் வரல."

தப்பு என்று சொல்லி முடித்துவிடலாம். ஒரு தடவை தவறியதற்காக யாரும் தலையை வாங்கப் போவதில்லை. ஆனால் திரும்ப எடுக்க வேண்டும் என்று டைரக்டர் சொன்னால்? இந்தப் பத்து நாளுக்குள் மரமெல்லாம் இலை உதிர்ந்து மொட்டையாகிவிட்டது, வாசலைத் திரும்ப எடுக்க முடியாது. செட்டைத் திரும்பப் போட்டு, வீட்டுக்குள் காட்சியைத்தான் எடுக்க வேண்டும். வலது கையில் மூட்டையோடு. பத்து நாளுக்கு முன்னால் எதைத் தடுத்தாளோ, அதுவே வந்து வாசலில் நிற்கிறது.

ஜூசோவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்போம் என்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனாள்.

அவர் மனைவி ஷிகே முற்றத்தில் ஊறுகாய்க்கு முள்ளங்கியைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். கிகுயேவைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நல்ல வேளை வந்த. நீ கொஞ்சம் பேசிப் பாரு. பத்து நாளா மனுஷன் என் பேரையே சரிபாத்துக்கிட்டிருக்காரு. அடுப்ப அணைச்சோமான்னு மூணு தடவ எந்திரிச்சுப் போறாரு. முந்தாநாளு நம்ம கல்யாணம் எந்த வருசம்னு கேட்டாரு. சொன்னேன். அது சரியான்னு எங்கண்ணனுக்குக் கடுதாசி போட்டுக் கேக்கச் சொல்றாரு."

"ஏன், என்ன ஆச்சு?"

"யாருக்குத் தெரியும். கை விழுந்தப்பக்கூட இப்படி இல்ல. அரிசிப் பைய வலது கையில மாட்டிக்கிட்டு இந்த முற்றத்தையே சுத்திச் சுத்தி வந்தாரு. கையில துணியால வளையம் கட்டி, முடிச்ச அதுல மாட்டிட்டா விரல் பிடிக்க வேண்டியதில்லையாம். நாந்தான் தைச்சுக் குடுத்தேன். ஷூட்டிங்குக்குப் போற அன்னைக்குக் காலைலகூட, ‘பாரு, விழாது’ன்னு தூக்கிக் காட்டிட்டுத்தான் போனாரு. வந்ததுலேர்ந்து பேச்சில்ல."

கிகுயேவுக்கு, அவர் மணிக்கட்டில் தொங்கிய வெள்ளைத் துணியின் வால் ஞாபகம் வந்தது. சுளுக்குக் கட்டு என்று நம்பிவிட்டாள். எதற்கு அத்தனை நீளமாக வால் விட்டிருக்கிறார் என்று பார்க்கவில்லை.

உள்ளே ஜூசோ பாயில் உட்கார்ந்திருந்தார். "வா," என்றார். "கேள்விப்பட்டியா? அடுத்த படத்துல பதினாலு வரி குடுத்திருந்தாங்க. வேண்டாம்னு இன்னைக்கு ஆபீசுல சொல்லிட்டு வந்துட்டேன்."

"ஏன் ஜூ-சான்?"

"கை போனா என்னம்மா. ஒத்தக் கையாலயும் சாகலாம். தலை போயிடுச்சே." அவர் நெற்றியைத் தட்டிக் காட்டினார். "அந்த மூட்டைய வலது கையிலதான் பிடிச்சேன்னு நான் சத்தியம் பண்ணியிருப்பேன். அந்தக் கல்படி, அந்தக் கதவோட சில்லிப்பு இடது உள்ளங்கையில, எல்லாம் அப்படியே இருக்கு. நீ இடதுன்னு சொன்ன. உன் நோட்டு பொய் சொல்லுமா? அப்ப என் தலைக்குள்ள இருக்கறதெல்லாம் எவன் வச்சது? எந்தப் படத்துல எங்க விழுந்தேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சனே, அதெல்லாமும் இப்படித்தானா? வசனத்த மறந்துபோயி நடுச்செட்டுல நிக்கிறதுக்கு முன்னால நாமளே போயிடறது மரியாதைன்னு..."

கிகுயே பாயில் மண்டியிட்டாள். நெற்றி தரையில் பட்டது. "வலது கைதான்," என்றாள். "நோட்டுல வலதுன்னுதான் இருக்கு. நான்தான் பொய் சொன்னேன். உங்க கையப் பாத்தேன். விழுந்துடும்னு நெனச்சேன்."

வெளியே ஷிகே முள்ளங்கியைக் கட்டுகிற சத்தம் நின்றது.

"தலையத் தூக்கு," என்றார் ஜூசோ. "நீ குனிஞ்சா எனக்கு என்ன வந்துடப் போகுது."

அவள் தூக்கவில்லை.

"பத்து நாளு," என்றார். "பத்து நாளா நான் பைத்தியம் பிடிச்சவன் மாதிரி, என் பொண்டாட்டி முகத்தப் பாத்து இவதானான்னு... எம்மேல உனக்கு இரக்கம். சரி. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலையே உனக்கு. ‘ஜூ-சான், தூக்க முடியுமா?’ அவ்வளவுதான. ‘முடியும்’னு சொல்லியிருப்பேன். முடியலன்னா கீழ போட்டிருப்பேன். அது என் மூட்டை."

"நாளைக்கு டைரக்டர்கிட்ட தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லிடறேன். உங்க பேரு வராது."

"அதான் வேண்டாங்குறேன்." முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "தவறிச் சொன்னேன்னு சொன்னா, அன்னைக்கு நான் ஏன் வாய மூடிக்கிட்டு இருந்தேன்? எனக்கும் ஞாபகம் இல்லன்னுதான ஆகும். தெரிஞ்சே சொன்னேன்னு சொல்லு. எல்லார் முன்னாலயும் சொல்லு. கைய மறைக்காத, கை போனது போனதுதான். எனக்கு என் தலை வேணும்."

*

மறுநாள் காலை எடிட்டிங் அறை வாசலில் கிகுயே சொன்னாள். ஒகுமுரா, மொரிஷிதா, இனாபா, கேமராக்காரர்கள் இரண்டு பேர், கொஞ்சம் தள்ளி ஜூசோ. ஜூசோவின் வலது கை சட்டைக்கு வெளியே தொங்கியது. அதை மறைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை.

ஒகுமுரா குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் ஜூசோ பக்கம் திரும்பினார். "அன்னைக்கு வலது கைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"இவ சொன்னப்புறம் நான் எப்படிச் சொல்றது?" என்றார் ஜூசோ. அங்கே நின்ற யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

ஒகுமுரா ஒரு சிகரெட் முழுக்கப் பிடித்துத் தீர்த்தார். "வாசப்படியில கை மாத்துற மாதிரி ஒரு ஷாட் வச்சா ஒட்டும்," என்றார். "ரெண்டு ஷாட்டும் ஒட்டலன்னு நேத்து மொரிஷிதா போன்ல சொன்னப்பவே தோணுச்சு. ஆனா காரணமில்லாம ஒருத்தன் கை மாத்த மாட்டான். அது ஒட்டு போட்ட மாதிரித் தெரியும்." ஜூசோவின் கையைப் பார்த்தார். "இப்ப காரணம் இருக்கு. வலது கையில தாங்குற வரைக்கும் தாங்குறான். வீட்டு வாசப்படி வந்ததும் தாங்கல. ஜூசோ, தாங்கின வரைக்கும் பிடிங்க, அதுக்கப்புறம் மாத்துங்க. நடிக்க வேண்டாம். சம்மதமா?"

"சம்மதம்," என்றார் ஜூசோ.

பிறகு ஒகுமுரா கிகுயேவிடம் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இனிமே நீங்க ஒண்ணு சொன்னா நான் நோட்டப் பாக்கணும்," என்றார். "நோட்ட நானே பாக்கறதுன்னா நீங்க எதுக்கு? புது வருஷத்துப் படத்துக்கு வேற ஆளக் கேட்டிருக்கேன். இத மட்டும் முடிச்சுக் குடுங்க."

"சரிங்க, டைரக்டர்," என்றாள் கிகுயே.

பதினாலு வரி வேஷமும் திரும்பி வரவில்லை. ஆபீசில் அதை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வலது கை விழுந்தது எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால், பெரிய அறையிலும் அவரைக் கூப்பிடுவது குறைந்தது. வாள் பிடிக்காத கையோடு யார் சண்டைக்குப் போவது? கிகுயே பொய் சொல்லாதிருந்தாலும் இது நடந்திருக்கும் என்று பிற்பாடு சிலர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவள் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டாள். வளையம் தாங்கியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது என்பாள். அந்த விஷயத்தில் அவளை யாராலும் அசைக்க முடிந்ததில்லை.

அந்த ஒரு ஷாட்டை அடுத்த வாரம் எடுத்தார்கள். சாமான் அறையிலிருந்து ஒரு வாசப்படிக் கட்டை, இரண்டு அடி அகலத்துக்குக் கதவு, அவ்வளவுதான் செட். கேமரா இடுப்புக்குக் கீழே பார்த்தபடி இருந்தது. முகம் வராது. ஜூசோ தானே உடுத்திக்கொண்டு வந்தார். இடப்பக்க மடிப்பு மேலே சரியாக இருந்தது. ஷிகே தைத்த வளையத்தை வலது உள்ளங்கையில் சுற்றி, வாலை விரல்களுக்குள் ஒளித்துக்கொண்டார். கிகுயே போய்க் கட்டிவிட எழுந்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

இனாபா வழக்கம்போல அந்தக் கோடியிலிருந்து வந்தார். "கிகுயே-சான், மூட்டை எந்த..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். ஜூசோ பக்கம் திரும்பினார். "ஜூசோ-சான், எந்தக் கையில தொடங்கணும்?"

"வலது," என்றார் ஜூசோ. "முடிச்சுல பிடி. தோள் எறங்கியிருக்கும். இடது கால் முன்னாடி."

கிகுயே குனிந்தபடி அதை எழுதினாள். அவர் சொன்ன வரிசையிலேயே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். பக்க எண்ணுக்கு எதிரே, சொன்னவர் பேரையும் எழுதினாள். எந்த நோட்டிலும் அவள் அப்படி எழுதியதில்லை.

கேமரா ஓடியது. இரும்பு ஏறிய மூட்டை வாசப்படிவரை வந்தது. வலது கை நடுங்கத் தொடங்கியது. மூட்டை விழவில்லை. இடது கை வந்து வாங்கிக்கொள்ளும்வரை விழவில்லை.